பாதி விலைத் தாது உப்பும் சுவரை நக்கிய கன்றுகளும்

மன்னார்குடிப் பக்கம் மாடு வளர்ப்போருக்கு வைக்கோல்தான் அடிப்படைத் தீவனம். அதில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு என்பதால், வளரும் கன்று ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 25 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டில் பிசைந்து கொடுக்குமாறு எங்கள் கால்நடை மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். என்னிடம் இருந்த மூன்று ஜெர்சி கலப்பினக் கிடேரிக் கன்றுகளுக்காக, வண்டியில் ஊர் ஊராக வந்து விற்கும் முகவர் ஒருவரிடம் 10 கிலோ மூட்டைகள் இரண்டை வாங்கினேன். கடை விலையில் பாதிதான் கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் மூட்டை தீர நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கன்றுகள் கொட்டகைச் சுவரை நக்கவும், மண்ணைத் தின்னவும், காயப் போட்ட துணியை இழுத்து மெல்லவும் தொடங்கியிருந்தன. ரோமம் சொரசொரப்பாகி, விலா எலும்புகள் தெரிந்தன. குடற்புழுவாக இருக்கும் என்று மருந்து கொடுத்துப் பார்த்தும் மாற்றம் இல்லாததால், மருத்துவர் அந்தத் தூளைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கரண்டித் தூளின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார். சோடா போலப் பொங்கியது. சுண்ணாம்புக்கல் தூள் இருந்தால் அப்படி நுரைக்கும் என்றும், நல்ல கலவையிலும் அது ஓரளவு இருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றும் அவர் சொன்னார். ஆகவே, இரண்டாம் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவன ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ஐ.எஸ். 1664 தரப்படி, சமையல் உப்புச் சேர்க்காத தாது உப்புக் கலவையில் பாஸ்பரஸ் குறைந்தது 12 விழுக்காடு இருக்க வேண்டும். மூட்டையிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள். ஆய்வறிக்கையில் இருந்ததோ 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அமிலத்தில் கரையாத மணல் மட்டும் ஏறத்தாழ 19 விழுக்காடு. கலவையில் விலை கூடியது பாஸ்பரஸ் தரும் டைகால்சியம் பாஸ்பேட்தான். அதைக் குறைத்துவிட்டு, மலிவான சுண்ணாம்புத் தூளையும் மணலையும் கொட்டி எடையை நிரப்பியிருக்கிறார்கள். இதனால் பணம் வீணானது ஒருபுறம் இருக்க, எலும்பு வளரும் பருவத்தில் பாஸ்பரஸ் பற்றாக்குறையோடு இருந்த கன்றுக்குச் சுண்ணாம்புச் சத்தை மட்டும் ஏற்றி, இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்தை நானே என் கையால் கெடுத்திருக்கிறேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மூட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. "ஐ.எஸ்.ஐ. தரத்துக்கு இணையானது" என்ற வரி பெரிதாக இருந்ததே தவிர, ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணோ எங்கும் இல்லை. அந்த எண் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு உண்மையானதா என்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம். வாங்கும்போது இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பணத்தைக் கேட்டபோது, "உங்கள் தீவனத்தில்தான் கோளாறு" என்று சொல்லி அந்த முகவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்காக மிச்சத் தூளையும் மூட்டையையும் ஆய்வறிக்கையோடு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் பக்கத்து ஊர் உறவினர் ஒருவர் புதிதாக வாங்கிய மூட்டையைக் காட்டினார். பெயரும் படமும் வேறு. ஆனால் அதே "இணையானது" என்ற வரி, அதே பாதி விலை.