ஒரு நாள் அவசர பிரேக் பயிற்சி: என் மதிப்பீடு

18 ஆண்டுகளாகக் கார் ஓட்டிவரும் நான், சாலையின் குறுக்கே யாரேனும் திடீரென்று வந்தால் பிரேக்கை முழு வலுவோடு மிதித்துவிடுவேன் என்றே நம்பியிருந்தேன். தனித் திடலில் நடந்த இந்தப் பயிற்சியின் முதல் ஓட்டமே அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. நிறுத்தியிருந்த வேனின் மறைவிலிருந்து மனித உருவப் பொம்மை வெளிப்பட்டபோது, என் கால் விரைவாகத்தான் பெடலுக்குச் சென்றது. ஆனால் பாதி அழுத்தத்தோடு நின்றுவிட்டது. இரண்டாம் முறை ஓங்கி மிதித்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு இயங்கிப் பெடல் காலுக்கடியில் அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டதென்று பதறிக் காலைத் தளர்த்தினேன். இரண்டு முறையும் பொம்மை அடிபட்டது.

விரைவாக மிதித்தும் போதிய வலுவோடு மிதிக்காத இந்தப் பழக்கம் பலருக்கும் உண்டு என்றும், மிதிக்கும் வேகத்தைக் கொண்டே ஆபத்தை உணர்ந்து முழு அழுத்தத்தையும் தானே தரும் 'பிரேக் அசிஸ்ட்' வசதியை மெர்சிடிஸ் பென்ஸ் 1996இல் கொண்டுவந்தது இதற்காகத்தான் என்றும் பயிற்சியாளர் விளக்கினார். நாங்கள் ஓட்டிய பழைய காரில் அந்த வசதி இல்லை. அதனாலேயே என் காலின் குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏழெட்டு ஓட்டங்களுக்குப் பிறகு, கார் முற்றிலும் நிற்கும்வரை கால் பெடலை விட்டு எழவில்லை.

என்னை மிகவும் உலுக்கியது வேக ஒப்பீடு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், மிதிக்கலாம் என்று மனம் முடிவெடுக்கும் ஒரு நொடிக்குள்ளேயே ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறது. உலர்ந்த சாலையில் அது நின்றுவிடும் இடத்தில், 60 கிலோமீட்டரில் வந்த கார் இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

விலகி ஓட்டும் பயிற்சிக்கு அரை மணி நேரமே ஒதுக்கியது பெருங்குறை. பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிவதுதான் ஏபிஎஸ்ஸின் முதன்மையான பயன். எங்களில் பெரும்பாலோர் பொம்மையையே பார்த்துக்கொண்டு, அது நகரும் திசையிலேயே திருப்பினோம். பொம்மையோ எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து, ஒரே வேகத்தில் வந்தது. உண்மையான மனிதர் நடுவழியில் திகைத்து நிற்கலாம், திரும்பியும் ஓடலாம். பொம்மை வருமென்று முன்பே அறிந்து காத்திருந்ததால் பிற்பகலில் எங்கள் கால்கள் காட்டிய வேகத்தை நான் முழுமையாக நம்பவில்லை. இரவுப் பயிற்சியும் இல்லை.

இத்தனை குறைகள் இருந்தும், காலுக்குப் பழக்கம் தருவதில் இந்தப் பயிற்சி சிறப்பாகவே இருந்தது. நீண்ட காலம் ஓட்டியவர்கள் கட்டாயம் சேர வேண்டும். நிறுத்திய வண்டிகளை ஒட்டிச் செல்லும்போது இப்போதெல்லாம் என் கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்கின் மேல் காத்திருக்கிறது.