மதுரை வட்டாரத்து வீட்டு டிவிக்கு எது பொருந்தும்: கேபிளா, கட்டண டிடிஎச்சா, ஃப்ரீ டிஷ்ஷா?

வீட்டில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் டிவியில் என்ன ஓடுகிறது? இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சன், விஜய், ஜீ தமிழ் தொடர்கள் ஓடுகிற வீட்டில் ஃப்ரீ டிஷ்ஷை மட்டும் மாட்டி மாசக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் அது நடக்காது. அந்தச் சேனல்கள் அதில் வருவதில்லை. செய்தியும் தூர்தர்ஷனும் பிள்ளைகளுக்குப் பாடச் சேனலும் போதும் என்கிற வீட்டுக்கோ மாதாமாதம் ரீசார்ஜ் வீண் செலவு. இதை முடிவு செய்துவிட்டால் மீதியெல்லாம் மாடி, மரம், ஒயர் சம்பந்தப்பட்ட வேலைதான்.

மீன்முள் ஆன்டெனாவை முதலிலேயே கழித்துவிடலாம். கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பி வைத்துப் பார்த்த ஆனலாக் ஒளிபரப்பின் காலம் முடிந்துவிட்டது. சென்னை போன்ற சில நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கிய டிவிபி-டி2 தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு மதுரைக்கு வரவில்லை. ஆன்லைனில் ‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று விற்கிற தட்டையான அட்டையை இங்கே வாங்கி மாட்டினால் ஒரு சேனலும் கிடைக்காது.

மிச்சமுள்ள மூன்றில் ஃப்ரீ டிஷ் தூர்தர்ஷனுடையது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. ஒருமுறை டிஷ், அதன் முன் கையில் சிக்னலை வாங்குகிற எல்.என்.பி., பாக்ஸ், ஒயர் வாங்கி மாட்டினால் அதற்குமேல் மாசக் கட்டணம் கிடையாது. கூலியோடு சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆகும். இதில் தனியார் சேனல்களுக்கான இடம் ஏலத்தில் போகிறது. காசு கொட்டி ஏலம் எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். அதனால் பட்டியல் நீளமாக இருந்தாலும் தமிழ் குறைவு. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ்தான் அதில் நமக்கான முக்கியச் சேனல்.

கட்டண டிடிஎச் என்பது சன் டைரக்ட், டாடா பிளே, ஏர்டெல் போன்ற கம்பெனிகளின் டிஷ்ஷை மாடியில் மாட்டி மாதாமாதம் காசு கட்டிப் பார்ப்பது. கேபிளில் தமிழ்ச் சேனல் குறையே இருக்காது. அரசு கேபிளில் கல்வித் தொலைக்காட்சியும் வரும். உள்ளூர்ச் சேனல் கிடைப்பதும் இதில் மட்டும்தான். சித்திரைத் திருவிழா நேரத்தில் அழகர் எந்த மண்டகப்படியில் இருக்கிறார் என்று வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவே பெரிய காரணம்.

மழையிலும் கேபிள்தான் முந்தும். டிடிஎச்சும் ஃப்ரீ டிஷ்ஷும் கேயு அலைவரிசையில் வருகின்றன. 11 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். கேபிள் ஆபரேட்டரின் பெரிய டிஷ்களோ பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து சி அலைவரிசையில் வாங்குகின்றன. மழை அதை அவ்வளவாகத் தொடாது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு கொட்டுகிற கோடை மழையில் டிஷ் வீடுகளில் பத்து, இருபது நிமிடம் படம் நிற்கும்போது பக்கத்து கேபிள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் கரண்ட் போனால் நிலைமை தலைகீழ். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், தெருமுனைக் கம்பத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்கோ ஃபைபர் வந்து முடிகிற நோடுக்கோ மின்சாரம் இல்லாவிட்டால் கேபிள் செத்துவிடும். சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ரோட்டைத் தோண்டினால் ஃபைபர் அறுபடும். டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் தோட்டத்து வீடுகளுக்குக் கேபிள் இழுப்பதே சிரமம். இழுத்தாலும் கடைசி வீட்டில் சிக்னல் மெலிந்துவிடும். அங்கே டிஷ்தான் சரி. செல்லூர், சிம்மக்கல், மாசி வீதிகளின் உள்சந்துகளில், அதுவும் மாடியில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டில், கேபிள்தான் சரி.

டிஷ் என்று முடிவு செய்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அவர்களுடைய செயற்கைக்கோள் மதுரை வானத்தில் எங்கே நிற்கிறது என்பதை. வடக்கிலிருந்து வலச்சுற்றாக எண்ணிய திசையும், தரைமட்டத்திலிருந்து எண்ணிய உயரமும் தோராயமாக இப்படி:

ஃப்ரீ டிஷ் (ஜிசாட்-15, 93.5° கிழக்கு): திசை 122°, உயரம் 68.5°
சன் டைரக்ட் (மீசாட், 91.5° கிழக்கு): திசை 126°, உயரம் 70.5°
டாடா பிளே (83° கிழக்கு): திசை 154°, உயரம் 77°
ஏர்டெல் (108.2° கிழக்கு): திசை 107°, உயரம் 53°

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லாமே வானத்தில் நல்ல உயரத்தில்தான். ஒத்தக்கடையில் யானைமலை மறைக்குமா, பசுமலையில் மலை மறைக்குமா என்ற கவலை வேண்டாம். மறைப்பது வேப்பமரமும் தென்னையும் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியும்தான். கணக்கு எளிது. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்து நிற்கிற மரம் ஃப்ரீ டிஷ்ஷை மறைக்க வேண்டுமென்றால் அந்தத் திசையில் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதே மரம் ஏர்டெலை ஏழரை மீட்டர் தூரத்திலிருந்தே மறைத்துவிடும். டாடா பிளேக்கு இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருந்தாலே பயமில்லை. கிழக்குப் பக்கம் மரம் சூழ்ந்த தோப்பு வீட்டுக்கு எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுக்கும்போது, சலுகையைவிட இந்தக் கோணம் முக்கியம்.

மறைக்கிற மரத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது சில நிமிடம் படம் உடையும்; அது கோளாறு அல்ல, தானே சரியாகிவிடும். அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் கிளையின் நிழல் விழுந்தால் அந்தக் கிளைதான் சிக்னலையும் தின்கிறது.

இனி மாட்டுகிற வேலை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு இங்கே 60 செ.மீ. டிஷ் போதும், மழைக்குக் கூடுதலாகத் தாங்க வேண்டுமென்றால் 75 அல்லது 90 செ.மீ. போடலாம். கம்பத்தை ஆங்கர் போல்ட்டில் இறுக்கி, ரசமட்டம் வைத்து நேர் செங்குத்தா என்று பாருங்கள். கம்பம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலும் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப உயரக் கோணமும் மாறிக்கொண்டே போகும். பாதி நாள் தேடியும் சிக்னல் கிடைக்காததற்கு இதுவே முதல் காரணம். செல்போன் திசைகாட்டியைப் பில்லர் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரும்பு அதை இழுத்துவிடும். இரண்டு மூன்று எட்டு தள்ளி நின்று 122°க்கு நேரே ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

68 டிகிரி என்றதும் டிஷ் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த டிஷ்களில் எல்.என்.பி. கீழே தள்ளி அமைந்திருப்பதால், பாத்திரத்தின் முகம் ஏறக்குறைய 45 டிகிரிதான் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். பிராக்கெட்டில் அச்சடித்த அளவுகோல் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சேர்த்தே அச்சடித்தது, அதில் 68.5ஐ வைத்தால் போதும்.

எல்.என்.பி.யைச் சுழற்றுகிற கோணத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டெல்லிப் பக்கம் எடுத்த வீடியோவைப் பார்த்து அதே மாதிரி வைப்பார்கள். அங்கே அது 27 டிகிரி அளவுக்குச் சாய்ந்தால் போதும். மதுரையில் அதைப்போல் இரண்டு மடங்கு, 55 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தால் இடப்பக்கமாகச் சுழற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் வெயிலில் படம் ஓடினாலும் ஓடும். தூறல் போட்டதும் முதலில் போவது உங்கள் டிவியாகத்தான் இருக்கும்.

பாக்ஸின் மெனுவில் எல்.என்.பி. வகை யுனிவர்சல், 9750/10600. 22 கிலோஹெர்ட்ஸ் ஆஃப். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் ஒரு ஒளிபரப்புத் தடம்) 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று போட்டுவிட்டு டிஷ்ஷை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு விரல்கடை நகர்த்தினால் இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் ஆகும். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை எந்தத் திசையிலும் பாதிக்குமேல் நிற்கும், அதை நம்பாதீர்கள். ‘குவாலிட்டி’ பட்டைதான் கணக்கு. அது 70ஐத் தாண்டும்வரை திசை, உயரம், எல்.என்.பி. சுழற்சி என்று வரிசையாகத் திருத்துங்கள். நட்டை இறுக்கும்போது டிஷ் நகரும். எனவே எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, பட்டையைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். பாக்ஸ் வாங்குகிறவர்கள் புதிய முறையில் சுருக்கிய படத்தையும் திறக்கிற எம்பெக்-4 பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் படமே தராது. புதிய டிவி பலவற்றில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும், பின்பக்கம் திருகு உள்ள வட்டச் சாக்கெட் அதுதான் என்று கையேட்டில் பார்த்தால் தனிப் பாக்ஸே வேண்டாம். ஆனால் டிவி மெனுவில் எல்.என்.பி. மின்சாரம் ‘ஆன்’ ஆக இருக்க வேண்டும்.

பழைய சன் டைரக்ட் டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் புதிதாக வாங்காதீர்கள். சன் டைரக்ட் 91.5, 93.5 இரண்டு இடங்களையும் பயன்படுத்துகிறது. முதலில் டிஷ்ஷை அசைக்காமலே ஃப்ரீ டிஷ் பாக்ஸை மாட்டித் தேடிப் பாருங்கள். சில வீடுகளில் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் கிழக்கே நான்கு டிகிரி, கீழே இரண்டு டிகிரி தள்ளினால் போதும். கம்பெனி பாக்ஸோ வேறு கம்பெனிக்கு உதவாது. ஒவ்வொன்றும் தன் பூட்டுக்கு மட்டுமே திறக்கும்.

கேபிளோ டிஷ்ஷோ, கோளாறு எல்லாம் கடைசி இருபது மீட்டர் ஒயரில்தான் பிறக்கிறது. ஆர்ஜி-6 ஒயர் போடுங்கள். ஒயர் முனையில் வருகிற எஃப் கனெக்டரை மாட்டும்போது பின்னல் கம்பியை முழுக்கப் பின்னுக்கு மடியுங்கள். அதில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், டிஷ் பாக்ஸ் ‘எல்.என்.பி. ஷார்ட்’ என்று காட்டும். நடுக்கம்பி கனெக்டரின் வாயை விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீள வேண்டும். எல்.என்.பி.க்குப் பக்கத்தில் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் இறங்காமல் அந்த வளைவில் சொட்டிவிடும். ரப்பர் மூடி இல்லாத கனெக்டர் ஒரு ஐப்பசி மழையிலேயே பச்சை பூத்துவிடும். திருப்பரங்குன்றம், அழகர்கோவில் பக்கம் குரங்கு ஒயரைப் பிடித்து இழுக்கும். அங்கே ஒயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவது நல்லது.

இரண்டாவது டிவி வந்தால் வழி வேறு வேறு. கேபிளில் ஸ்பிளிட்டர் போடலாம். ஒரு இரண்டு வழி ஸ்பிளிட்டர் நான்கு டெசிபல் அளவுக்குத் தின்னும், இரண்டாவது பாக்ஸும் வேண்டும். டிஷ்ஷில் கேபிள் ஸ்பிளிட்டரைச் சொருகக் கூடாது. 13 வோல்ட், 18 வோல்ட் என்று பாக்ஸ் அனுப்புகிற மின்சாரத்தை வைத்துத்தான் எல்.என்.பி. செங்குத்தா கிடையா என்று மாறுகிறது. இரண்டு பாக்ஸும் ஒரே ஒயரில் மோதினால் பாதிச் சேனல் காணாமல் போகும். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. போட்டுத் தனித்தனி ஒயர் இழுங்கள்.

கட்டணத்தில், சேனல் விலை போக இணைப்புக்கென்று மாதம் வாங்குகிற நெட்வொர்க் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன்பு விதித்த 130 ரூபாய் உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. எனவே கேபிள், டிடிஎச் இரண்டிலும் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல் தொகுப்பு எவ்வளவு, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்று மூன்றையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

எங்கள் கருத்தில், நகரத்துக்குள் தமிழ்த் தொடர் பார்க்கிற வீட்டுக்கு அடிப்படைக் கேபிளும், அதே டிவியின் இரண்டாவது எச்.டி.எம்.ஐ.யில் ஃப்ரீ டிஷ்ஷும் சிறந்த ஜோடி. கேபிள் அறுந்த நாளில் செய்தியாவது ஓடும். கிராமத்தில் கட்டண டிடிஎச் ஒன்று போதும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் தோட்டத்து மோட்டார் ரூமுக்கும் ஃப்ரீ டிஷ்.

கேபிளிலிருந்து மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு கேபிள் பாக்ஸ் உங்களுடையது அல்ல. ரிமோட், அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் அடியில் ஒட்டியுள்ள எண்ணை எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த எண் உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.