ஏழுக்கு ஆறு

‘லாஸ்ட் பிக்’ விளையாடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். மூன்றாம் முறையாக முடித்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

அட்மிரல் ஜோட்டா என்ற புனைபெயரில் வெளியான இந்த உரைச் சாகச விளையாட்டு (நாம் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய, கதை எழுத்திலேயே நகரும் வகை), 2007இல் இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் போட்டியில் முதலிடம் பெற்றது. பண்ணையிலிருந்து ஓடிப்போன பன்றியைத் தேடிப் புறப்படும் கிரங்க் என்ற ஓர்க் (மாயக் கதைகளில் வரும் முரட்டு இனத்தவன்), குழிக்குள் விழுகிறான்; கையிலிருந்த தீப்பந்தமும் அணைந்துபோகிறது. மொத்தம் 7 மதிப்பெண். ஒரு மாலைப்பொழுது போதும்.

புதிர்களை விட எனக்குப் பிடித்தது கிரங்கின் பேச்சு. ‘நான்’ என்ற சொல்லே அவனிடம் இல்லை. சின்னக் குழந்தை ‘பாப்பாவுக்குப் பசிக்கிறது’ என்று சொல்லுமே, அந்த மழலையில்தான் கதை முழுவதும் நடக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தீப்பந்தத்தோடு கால்சட்டையையும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறான். அதைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். மற்ற விளையாட்டுகளில் ஏறுமாறாக எதையாவது தட்டினால் ‘புரியவில்லை’ என்று ஒரே வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இங்கே ஏறுமாறாகத் தட்டுவதற்காகவே உட்காரலாம். நிலத்தடியில் தனியே வாழும் நோம் (அதே கதைகளில் வரும் குள்ள மனிதர்) ஒருவர் வருகிறார். பன்றியைப் பற்றி, ஓர்க்குகளைப் பற்றி, எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார். அரைமணி நேரம் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததில் வந்த வேலையே மறந்துவிட்டது.

கோபம் வேறிடத்தில். இதைக் கைப்பேசியில் ஓடவைக்க நான் வைத்திருந்த செயலி, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சேமித்த ஆட்டத்தை அடியோடு தொலைத்துவிட்டது. 6 மதிப்பெண்ணோடு நின்ற ஆட்டம் அது. அந்த ஏழாவதுக்காக இரண்டு இரவு விழித்திருந்தேன். முதலிலிருந்து மறுபடி ஆடினேன். காசு போட்டால் செங்கல் தள்ளும் பெட்டியை மறுபடி தட்டி, பன்றியை மறுபடி துரத்தி, பிடித்து, வெளியே வந்து பார்த்தால் திரையில் அதே 6!

செயலியின் குற்றத்தை விளையாட்டின் தலையில் கட்டக் கூடாது. விளையாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விடையை இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும் என்பதும் தெரியும். தேட மனம் வரவில்லை. இத்தனை அக்கறையோடு எழுதிய ஒருவர் எனக்காக ஒளித்துவைத்ததை நானே கண்டெடுக்க வேண்டும்.

ஆகவே நண்பரே, இப்போதைக்கு இதைத் தொடாதீர்கள். தொட்டே தீருவேன் என்றால் கணினியில் ஆடுங்கள். ஏழாவது மதிப்பெண் கிடைத்துவிட்டால் எங்கே கிடைத்தது என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.