சுருள்வில் நல்லது, நூல் மோசம்: பிளஸ் 1 அலைவுகள் செய்முறைப் பெட்டி

பெட்டியைத் திறந்ததும் முதலில் சுருள்வில்லைத் தராசில் வையுங்கள். 48 கிராம் காட்டும். இந்த எண் பெட்டியின் மேலும் அச்சாகவில்லை, கூடவே வரும் 64 பக்கக் கையேட்டிலும் இல்லை. இது தெரியாமல் வேலையைத் தொடங்கினால் கையேட்டின் விடையும் நீங்கள் அளந்த விடையும் கடைசிவரை ஒத்துப்போகாது. குறை மாணவனுடையது என்று நினைத்துக்கொண்டு எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாகர்கோவிலில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் இந்தப் பெட்டி 1,650 ரூபாய். உள்ளே 75 செ.மீ. கம்பியுள்ள இரும்புத் தாங்கி, பிடிப்பான், இரண்டு சுருள்வில்கள், எடைகளை மாட்டும் 50 கிராம் ஹேங்கர், 50 கிராம் பிளவு எடைகள் ஐந்து, கொக்கி வைத்த பித்தளைக் குண்டு, ஒரு கண்டு நூல், பிளந்த தக்கை, குறிமுள்ளோடு ஒரு மீட்டர் அளவுகோல், டிஜிட்டல் நிறுத்துக் கடிகாரம், 42 கணக்குகள் கொண்ட கையேடு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியின் 10-ஆம் அலகையும், செய்முறைத் தேர்வில் வரும் சுருள்வில் மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை), தனி ஊசல் இரண்டையும் மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். குண்டின் விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவி கிடையாது. அது இல்லாமலும் சமாளிக்கலாம். எப்படி என்று கீழே வருகிறது.

காசுக்கு உரிய பொருள் சுருள்வில்தான். லேபிளில் ‘10 நியூட்டன்/மீட்டர்’ என்று இருக்கிறது. ஹேங்கரை மட்டும் தொங்கவிட்டால் குறிமுள் 3.1 செ.மீ. இறங்குகிறது. அடுத்த 50 கிராமுக்கு 7.9, பிறகு 12.7, 17.5, 22.3, முழு எடையான 300 கிராமுக்கு 27.1. முதல் 50 கிராமுக்கு 3.1 செ.மீ.தான், அதற்குப் பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் துல்லியமாக 4.8 செ.மீ. காரணம், சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்தும்படி இறுக்கிச் சுற்றிய வில் இது. அந்த இறுக்கத்தை அவிழ்க்கவே முதல் எடையில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. 100 கிராம் போட்டு 7.9 செ.மீ. என்று ஒரே ஒரு அளவை எடுத்து வகுத்தால் மாறிலி 12.4 வரும், அது தப்பு. அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை எடுத்தால் 0.489 நியூட்டனை 0.048 மீட்டரால் வகுத்து 10.2. லேபிள் பொய் சொல்லவில்லை. வரைபடம் போடுகிறவர்கள் கோட்டை வலுக்கட்டாயமாகத் தொடக்கப்புள்ளி வழியாக இழுக்கக் கூடாது. சாய்வு மட்டும் போதும்.

இனி அலைவு. ஹேங்கரோடு சேர்த்து 200 கிராம் தொங்கவிட்டு, இரண்டு செ.மீ. கீழே இழுத்து விட்டால் 20 அலைவுக்கு 18.3 விநாடி. அலைவு நேரம் 0.915. கையேடு தரும் வாய்பாடு 2 × பை × √(நிறை ÷ மாறிலி). அதில் போட்டால் 0.88 விநாடிதான் வரவேண்டும். மறுபக்கமாக 0.915-ஐ வைத்து மாறிலியைக் கணக்கிட்டால் 9.4. எடை தொங்கவிட்டு அளந்தபோது 10.2, ஆட்டி அளந்தபோது 9.4! இந்த இடத்தில்தான் அந்த 48 கிராம் தேவைப்படுகிறது. எடை ஆடும்போது வில்லும் சேர்ந்தே ஆடுகிறது. மேல்முனை அசையாது, கீழ்முனை எடையோடு அதே வேகத்தில் போகும், நடுப்பகுதி பாதி வேகத்தில். இந்த இயக்க ஆற்றலையெல்லாம் கூட்டினால் வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு எடையோடு சேர்ந்ததற்குச் சமம். 200-உடன் 16-ஐச் சேர்த்து 216 கிராம் என்று போட்டுப் பாருங்கள், 0.915 வந்து நிற்கும்.

செய்முறைத் தேர்வு முறை இதை ஓசைப்படாமல் தாண்டிப் போகிறது. இரண்டு நிறைகளுக்கு அலைவு நேரம் கண்டு, நிறைகளின் வித்தியாசத்தை நேரங்களின் இருமடிகளின் வித்தியாசத்தால் வகுத்து, 4 பை இருமடியால் பெருக்கச் சொல்கிறது. 300 கிராமுக்கு 20 அலைவு 22.1 விநாடி, அதாவது 1.105. இருமடிகள் 1.221, 0.837; வித்தியாசம் 0.384. மாறிலி 10.3. வில்லின் 16 கிராம் இரண்டு பக்கமும் இருப்பதால் கழிந்துபோயிற்று. ஹேங்கரின் 50 கிராமை எழுத மறந்தாலும் இந்த முறையில் தப்பிக்கலாம், ஆனால் அதைப் பழக்கமாக்க வேண்டாம். ‘ஏன் வித்தியாசம் எடுக்கிறோம்’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் சொல்லவேண்டிய பதில் இதுதான். கையேட்டில் வாய்பாடு இருக்கிறது, காரணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹேங்கரை மட்டும் வைத்து மூன்று செ.மீ.க்கு மேல் இழுத்து விட்டால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். மேலே போகும்போது சுற்றுகள் மூடி மோதுகிற சத்தம் அது. அந்த நொடியில் விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இல்லை, அப்புறம் அது தனிச்சீரிசை இயக்கமும் இல்லை. 100 கிராமுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு இரண்டு செ.மீ. மட்டும் இழுத்தால் இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது வில் 9.8 காட்டுகிறது. தொடர் இணைப்பில் 5, பக்க இணைப்பில் 20. இரண்டிலும் 200 கிராமைத் தொங்கவிட்டால் 20 அலைவுக்குத் தொடரில் 27 விநாடி, பக்கத்தில் 13.5. சரியாக இரட்டிப்பு! மின்தடைகளை மனப்பாடம் செய்துவிட்டு வில்லிலும் அதே விதியைப் போடுகிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும். பக்க இணைப்புக்குக் குறுக்குச் சட்டம் தரவில்லை. லேசான மரச் சட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அதன் எடையையும் சேர்த்து எழுதுங்கள். தொடர் இணைப்பு 70 செ.மீ.யைத் தாண்டும் என்பதால் தாங்கியை மேசை ஓரத்தில் வைத்து, பிடிப்பான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்ட வேண்டும். அடித்தட்டு கனமில்லை. அதன் மேல் ஒரு செங்கல்லை வைக்காவிட்டால் தாங்கியே சேர்ந்து ஆடும். வீச்சு (நடுவிலிருந்து ஆடும் அதிகபட்சத் தூரம்) சீக்கிரம் குறையும், நேரமும் கொஞ்சம் தப்பும்.

ஊசல் பகுதியில் நூல் மோசம். முறுக்கு அதிகமுள்ள நூல். குண்டைக் கட்டியதும் பம்பரம்போலச் சுழல்கிறது. முறுக்கு அவிழ அவிழ நீளமும் கூடுகிறது. தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் நூலை மாற்றிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று தூண்டில் நரம்பு வேண்டாம். சுருட்டி வைத்த வளைவு அதில் லேசில் போகாது. நூலைக் கம்பியில் கட்டித் தொங்கவிடவும் கூடாது. ஆடும்போது கம்பியைச் சுற்றி அது உரசுவதால் நீளம் இதுதான் என்று சொல்ல முடியாது. தக்கையின் பிளவில் இறுக்கினால் தக்கையின் அடிவிளிம்புதான் தொங்குபுள்ளி, குழப்பமே இல்லை.

நீளம் அங்கிருந்து குண்டின் மையம் வரை. கையேட்டின் படத்தில் நூல் நீளத்தை மட்டும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அது பிழை. நூல் 100 செ.மீ., கொக்கி 0.6, குண்டின் ஆரம் 1.27, ஆகமொத்தம் 101.87. விட்டத்தை அளக்கக் குண்டை இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவில் வைத்து அளவுகோலில் இடைவெளியைப் படித்தால் போதும். இந்த நீளத்துக்கு 20 அலைவு 40.6 விநாடி வருகிறது. 101.87 போட்டால் ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8-ஐ ஒட்டி வரும். வெறும் 100 போட்டால் 9.6.

விடையைப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். 10.8 வந்தால் கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள், 19 அலைவை 20 என்று எழுதிவிட்டார்கள். ‘பூஜ்யம்’ என்று சொல்லி அழுத்த வேண்டும். 8.9-க்குப் பக்கத்தில் வந்தால் 21 எண்ணியிருக்கிறார்கள். அழுத்தவேண்டிய இடம் நடுப்புள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் கடக்கும்போது. ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில்தான் வேகம் அதிகம். ஒரு மீட்டர் ஊசலை ஒன்பது செ.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள், அது ஐந்து பாகைக்குச் சற்றே கூடுதல். பத்துப் பாகையில் அலைவு நேரம் 0.2 விழுக்காடுதான் கூடும், முப்பது பாகையில் 1.7 விழுக்காடு. கையேட்டின் அட்டையில் ஒரு பிள்ளை ஊஞ்சலில் உயர ஆடுகிறாள். அழகான படம்தான், ஆனால் தனிச்சீரிசை இயக்கத்துக்கு உதாரணம் ஆகாது.

இன்னொன்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று தோவாளைப் பக்கத்து வகுப்பறைக்குள் எப்படிப் புகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் ஊசலைத் தொடவேண்டும்.

கவனமாகச் செய்தால் நம் குமரி மாவட்டத்தில் ஜி 9.78 வரவேண்டும். அதை 9.81 என்று ‘சரிசெய்ய’ வேண்டாம். கையேட்டின் விடைப்பட்டியல் எல்லா இடத்திலும் 9.81 போட்டு இந்தச் சபலத்தைத் தூண்டுகிறது. பூமி நடுக்கோட்டுப் பக்கம் சற்றே பருத்திருக்கிறது, அங்கே சுழற்சியின் வேகமும் அதிகம். ஆகவே எட்டாவது பாகை அகலாங்கிலுள்ள நமக்கு ஜி குறைவு. 1672-இல் ஷான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்கு ஒரு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனபோது அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிந்தியது. கயேனும் நம்மைப்போல நடுக்கோட்டுக்குக் கிட்டத்தான். ஒரு பக்கம் போக ஒரு விநாடி, திரும்பி வர ஒரு விநாடி எடுக்கும் விநாடி ஊசலின் நீளம் இங்கே 99.1 செ.மீ.

கையேட்டின் கணக்குகளில் பாதி நன்றாக இருக்கின்றன. 17-வது கணக்கு நல்ல கணக்கு: ஊசல் நடுப்புள்ளியிலிருந்து பாதி வீச்சுக்குப் போக எவ்வளவு நேரம்? பெரும்பாலோர் கால்பங்கில் பாதி என்று நினைத்து அலைவு நேரத்தில் எட்டில் ஒன்று என்பார்கள். சைன் மதிப்பு பாதியாக வரும் கோணம் முப்பது பாகை, முழுச் சுற்று 360. ஆகவே பன்னிரண்டில் ஒன்று. மீதிப் பாதிக்கு ஆறில் ஒன்று. கைபேசியில் விநாடிக்கு 30 சட்டகம் எடுக்கும் சாதாரண வீடியோவில் இந்த ஊசலைப் பிடித்துச் சட்டகம் சட்டகமாக நகர்த்தினால் முதல் பாதிக்கு ஐந்து, அடுத்த பாதிக்குப் பத்து. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அப்புறம் மறக்காது.

23-வது கணக்கும் பரவாயில்லை: 200 கிராம், மாறிலி 10, வீச்சு 4 செ.மீ. 2 செ.மீ.யில் வேகம் என்ன? கோண அதிர்வெண் √(மாறிலி ÷ நிறை) = √50, அதாவது 7.07. அதை √(16 − 4)-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 24.5 செ.மீ. உச்ச வேகம் 28.3. பாதித் தூரத்தில் பாதி வேகம் இல்லை, நிலையாற்றல் கால்பங்குதான் ஆகியிருக்கிறது.

ஆனால் 9-வது கணக்கின் விடை அச்சிலேயே தப்பு. இடப்பெயர்ச்சி = 5 சைன் (4 பை × நேரம்) செ.மீ., நேரம் 0.1 விநாடி. கையேடு சொல்லும் விடை 0.11 செ.மீ. கணிப்பானைப் பாகையில் வைத்துத் தட்டியிருக்கிறார்கள்! அடைப்புக்குள் வருவது ரேடியன். 0.4 பை என்பது 72 பாகை, சைன் 0.951, விடை 4.76 செ.மீ. அதே கணக்கின் உச்ச வேகம் 62.8, உச்ச முடுக்கம் 790 என்பவை சரியாகவே உள்ளன.

31 முதல் 36 வரை ஒரே கணக்கை எண் மாற்றி ஆறு தடவை போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மாத்தூர் தொட்டிப் பாலத்தைக் கேட்டிருக்கலாமே. 115 அடி உயரத்திலிருந்து தரை வரை ஒரு ஊசலைத் தொங்கவிட்டால் அலைவு நேரம் 11.9 விநாடி. நடுப்புள்ளிக்குத் திருப்பி இழுக்கும் மீள்விசைக்கு முன்னால் கழித்தல் குறி ஏன் வருகிறது என்பதற்கு ஒரு கணக்குகூட இல்லாதது பெரிய குறை. அந்தக் குறி இல்லாவிட்டால் இழுத்த எடை திரும்பி வராது, போய்க்கொண்டே இருக்கும்.

நிறுத்துக் கடிகாரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு காட்டும். விரலுக்கு அந்தத் துல்லியம் கிடையாது, 0.2 விநாடி முன்னே பின்னே ஆகும். ஒரே அலைவை அளந்தால் அது பத்து விழுக்காட்டுப் பிழை, 20 அலைவில் அரை விழுக்காடு.

பள்ளிக்கு வாங்குவதென்றால் ஐந்து பேருக்கு ஒரு பெட்டி என்று வாங்கலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு 1,650 ரூபாய் அதிகம். வில்லும் ஹேங்கரும் எடைகளும் தனியாகத் தருவார்களா என்று கடையில் கேளுங்கள், மற்றதெல்லாம் வீட்டிலேயே தேறும். குளச்சல், முட்டம் பக்கத்துப் பள்ளிகள் வேலை முடிந்ததும் எடைகளைக் கழற்றி, வில்லைத் தையல் மெஷின் எண்ணெயால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். உப்புக் காற்றில் முலாம் உரிந்து சுற்றுகளுக்கு நடுவே துரு ஏறினால் அந்த 4.8 செ.மீ. ஒழுங்கு போய்விடும்.