புழுக்கத்துக்கு எது சரி: ஏசியா, ட்ரை மோடா, ஈரநீக்கியா?

ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. அறையும் குளிர்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் படுக்கை விரிப்பைத் தொட்டால் நமத்துப் போனது போல இருக்கிறது, அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. உடனே நம் கை ரிமோட்டைத் தேடிப் போய் 22-க்கு இறக்கும். புழுக்கத்துக்கு எதிராக நம்மிடம் உள்ள வழிகளிலேயே மோசமானது இதுதான்.

காற்றில் இருக்கும் தண்ணீர் வெளியேறாமல் வெப்பநிலை மட்டும் இறங்கினால் ஈரப்பத அளவு ஏறத்தான் செய்யும். 24 டிகிரியில் 65 சதவீதம் காட்டும் காற்றை அப்படியே 22-க்குக் குளிர்வித்தால் அது 73 சதவீதம் ஆகிவிடும். கூடவே சுவரும் தரையும் சில்லிட்டுப் போகும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் நீர் கோக்கும். ஜன்னல் இடுக்கிலும் கதவோரத்திலும் சுவர் கறுப்பது இதனால்தான்.

ஈரத்தை எடுக்க இரண்டு விஷயம் தேவை. ஏசிக்குள் இருக்கும் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்), அறைக் காற்றின் பனிநிலையைவிட நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்; கம்ப்ரஸர் நெடுநேரம் ஓட வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த இரண்டை வைத்துத்தான் பார்க்கிறேன்.

சாதாரண ஏசியும் இன்வெர்ட்டரும்

சாதாரண ஏசிக்கு நடுநிலை கிடையாது. ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நின்றுவிடும். அறைக்குச் சரியான அளவில் இருந்தால் கொளுத்தும் மதியத்தில் அது விடாமல் ஓடும், ஈரத்தையும் அருமையாக இழுக்கும். அளவு பெரிதாக இருந்தால்தான் சிக்கல். ‘எதற்கும் அரை டன் கூட்டிப் போடுங்கள்’ என்று சொல்லாதவர் குறைவு. ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். அரை டன் கூடுவது சின்ன விஷயம் இல்லை. பெரிய ஏசி கொஞ்ச நேரத்தில் அறையைக் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காயிலில் அப்போதுதான் படிந்த நீர், குழாய் வழியாக வடிவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே வந்து சேரும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மின்சாரமும் செலவு! ஃபேனை ஆட்டோவில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்வெர்ட்டர் ஏசி நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் ஈரத்தை நன்றாக எடுக்கும் என்பார்கள். பாதிதான் உண்மை. கம்ப்ரஸர் மெதுவாக ஓடும்போது காயிலின் குளிர்ச்சியும் குறைகிறது. அந்த நேரத்தில் உள் ஃபேன் முழு வேகத்தில் இருந்தால் காயில் பனிநிலைக்கு மேலேயே நின்றுவிடலாம். வெப்பநிலை குறையும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. மின்சாரம் மிச்சமாகும்போது புழுக்கம் மட்டும் தங்கிவிடும் வினோதம் இப்படித்தான் வருகிறது. ஃபேன் வேகத்தைக் குறையுங்கள். காற்று காயிலில் நின்று நிதானமாகப் போகும், காயில் கூடுதலாகக் குளிரும், நீர் வடியும். இன்வெர்ட்டர் ஏசி உள்ள வீட்டில் ஈரத்தைக் கட்டுப்படுத்த வெப்பநிலைப் பொத்தானைவிட ஃபேன் பொத்தான்தான் உதவும். சரியான அளவு, குறைந்த ஃபேன் என்ற நிபந்தனையோடு என் ஓட்டு இன்வெர்ட்டருக்கு.

ட்ரை மோடும் ஈரநீக்கியும்

ட்ரை மோட் என்பது தனி இயந்திரம் இல்லை. அதே காயில், அதே கம்ப்ரஸர். ஃபேனை மிக மெதுவாக வைத்து, கம்ப்ரஸரை விட்டு விட்டோ தாழ்ந்த வேகத்திலோ ஓட்டுகிறது. பல மாடல்களில் ஈரப்பதத்தை அளக்கும் சென்சாரே கிடையாது, வெப்பநிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆகவே வெயில் தணிந்த, ஆனால் பிசுபிசுப்பான இரவுக்கு அது நல்ல தோழன். கடும் மதியத்தில் அறையைக் குளிர வைக்கும் பலம் அதற்கு இல்லை. மழைநாளில் அறை ஏற்கெனவே 25 டிகிரியில் இருந்தால் அது அறையை மேலும் சில்லிட வைக்கும், அல்லது சும்மா நின்றுவிடும். உலர்ந்த காற்றைத் திரும்பச் சற்றுச் சூடாக்கி அனுப்பும் மாடல்களும் உண்டு. அவற்றுக்கு இந்தக் குறை இல்லை.

இங்கே ஒரு பழைய கதை. 1902-ல் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களின் வியர்வைக்காக இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்கத்தான் அந்த இயந்திரம். ஏசியின் முதல் வேலையே ஈரத்தை அடக்குவதுதான். நாம்தான் ரிமோட்டில் டிகிரியை மட்டும் பார்க்கிறோம்.

ஈரநீக்கிக்கு வருவோம். டிஹியூமிடிஃபையர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். இதுவும் குளிர்ந்த காயிலில் நீரைப் பிடிக்கிறது, ஆனால் சூட்டை வெளியே தள்ளாமல் அதே அறையில் விடுகிறது. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 0.68 யூனிட் வெப்பம் வெளிப்படும். 300 வாட் இயந்திரம் மணிக்கு அரை லிட்டர் எடுக்கிறது என்றால், அந்த 300 வாட்டோடு ஏறக்குறைய இன்னொரு 340 வாட் சேர்ந்து அறைக்குள் இறங்குகிறது. மூடிய படுக்கையறையில், கோடை மதியத்தில், இது தேவையா? அந்தச் சூட்டையும் ஏசிதான் சுமந்தாக வேண்டும்.

அதே ஈரநீக்கியை மழைக்காலத்தில் பாருங்கள். வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம், ஏசிக்கு வேலையே இல்லை. அப்போது அதற்கு ஈடு இல்லை. துணியை வீட்டுக்குள் காயப்போட வேண்டிய நாட்களில், ஒரு மெஷின் துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை தண்ணீர் அறைக்காற்றில் கலக்கும்போது, ட்ரை மோடால் ஈடுகொடுக்க முடியாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் ‘நாளுக்கு இத்தனை லிட்டர்’ பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. அறை உலர உலர அந்த எண் வெகுவாகக் குறையும்.

ஏர் கூலர், ஃபேன், ஜன்னல்

ஏர் கூலரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட காற்றை அதிகபட்சம் 22 டிகிரி வரை அதனால் குளிர்விக்க முடியும். 33 டிகிரி, 75 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே போகவே வழியில்லை. புழுக்க ஊரில் அது அறைக்குள் ஈரம் ஊதும் பெட்டி. ஏசி அறையில் அதையும் சேர்த்து ஓட்டுவது இரண்டையும் சண்டைக்கு விடுவதுதான்.

ஃபேன் ஆளைக் குளிர்விக்கும், அறையை இல்லை. அது சுற்றினால் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஆள் இல்லாத அறையில் சுற்றுவது வீண். ஆனால் டிகிரியை ஏற்ற ஏற்றக் கம்ப்ரஸர் குறைவாக ஓடும், ஈரம் சேரும். 26-ம் ஃபேனும் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். 28-ல் வைத்தால், அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஈரமானி மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவு. ஈரப்பதம் 45-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையே நின்றால் போதும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

இரவில் ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா? இதமாகத் தோன்றும் 25 டிகிரி காற்றில் ஈரம் 90 சதவீதம் இருந்தால் அதன் பனிநிலை 23. மெத்தை, புத்தகம், திரை எல்லாம் அதை ராத்திரி முழுக்க உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாள் ஏசி நெடுநேரம் பாடுபட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் வேலை முடியும்வரை ஓட்டிவிட்டு ஜன்னலை மூடிவிடுவேன்.

சில வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால்? ஏசியை 30-ல் வைத்துப் போனால் அது ஓடவே ஓடாமல் இருக்கலாம், பூஞ்சை தன் பாட்டுக்கு வளரும். இங்கே ஈரநீக்கிக்கே வெற்றி: 60 சதவீதத்தில் வைத்து, தொட்டியை நம்பாமல் குழாயைக் குளியலறை வடிகாலில் விட்டு, அறைக் கதவுகளையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுப் புறப்படலாம்.