முலாட்டு அஸ்டாட்கேயும் லண்டன் பசங்களும்

பெரிய மேதை ஒருவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றி இளைஞர்கள் நின்று அவருடைய பழைய ஹிட்களையே பயபக்தியோடு வாசித்துக்காட்டும் கச்சேரிகள் எனக்கு எப்போதோ அலுத்துவிட்டன. எத்தியோப்பிய இசையையும் ஜாஸையும் கலந்த எத்தியோ ஜாஸின் தந்தை என்று சொல்லப்படும் முலாட்டு அஸ்டாட்கே, லண்டனின் ஹீலியோசென்ட்ரிக்ஸ் குழுவோடு சேர்ந்து 2009-ல் ஸ்ட்ரட் நிறுவனத்துக்குச் செய்த 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன் 3' ஆல்பம் அந்த ரகம் இல்லை. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் நிமிர்ந்து உட்காரவைக்கிறது.

இது ஸ்டூடியோ ஆல்பம்தான், ஆனால் தொடக்கம் மேடை. 2008-ல் லண்டன் கார்கோ அரங்கில் முலாட்டுவுக்குப் பின்னால் நின்று வாசித்தது இந்தக் குழு. டிரம்ஸில் மால்கம் கேட்டோ, பேஸில் ஜேக் ஃபெர்குசன். ஃபங்க், சைக்கடெலிக், ஹிப்ஹாப் பீட் எல்லாம் ஊறிய ஆட்கள். முலாட்டுவுக்கு அப்போது 64 வயது. ஜிம்மாவில் பிறந்து, இன்ஜினியரிங் படிக்க பிரிட்டனுக்குப் போய், இசைக்குத் தாவி, பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்து, 1966-ல் நியூயார்க்கில் 'ஆஃப்ரோ லாட்டின் சோல்' பதிவுசெய்து, அடிஸ் அபாபாவுக்குத் திரும்பித் தன் பாணியை முழுசாக வளர்த்தவர். 1974-க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் அந்த ஊரின் இரவு வாழ்க்கையே ஒடுங்கிப்போனது. வெளியுலகம் அவரைத் திரும்பவும் கண்டுபிடித்தது பழைய எத்தியோப்பியப் பதிவுகளைத் திரும்ப வெளியிட்ட 'எதியோபிக்ஸ்' வரிசையில் 1998-ல் வந்த நான்காம் தொகுப்பாலும், 2005-ல் 'புரோக்கன் ஃபிளவர்ஸ்' படத்தில் அவர் இசை ஒலித்ததாலும்தான். அதாவது, உலகம் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய பழைய முகத்தை. இந்தப் பசங்க அவரைப் புதுசாக வாசிக்கவைத்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

'அடிஸ் பிளாக் விடோ' கேளுங்கள். கேட்டோவின் டிரம்ஸ் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, பழைய டேப்பில் பதிந்த மாதிரி உருளுகிறது. அந்த வேகத்துக்கு வேறு யாராவது என்றால் போட்டிபோட்டு வாசித்திருப்பார்கள். முலாட்டு அப்படிச் செய்வதே இல்லை. வைப்ரஃபோனின் உலோகத் தகடுகளில் நூல் சுற்றிய குச்சியால் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தட்டி, பெடலை அழுத்தியபடி அந்தக் கார்வை காற்றில் நடுங்கிக் கரையும்வரை விட்டுவிட்டு, தாளம் ஒரு சுற்று முடிந்து வந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறார். அந்த இடைவெளிதான் மொத்த ஆல்பத்தையும் தாங்குகிறது.

நம் காதுக்கு இதில் இன்னொரு சுகமும் இருக்கிறது. எத்தியோப்பிய இசையின் முக்கியமான ஸ்வர வரிசைகள் நான்கும் ஐந்து ஸ்வரம் கொண்டவை: டிசிட்டா, பாட்டி, அம்பாசல், அன்சிஹோயே. டிசிட்டாவின் ஒரு வடிவம் அப்படியே மோகன ராகத்தின் ஸ்வரங்கள், பாட்டியின் ஒரு வடிவம் கம்பீர நாட்டை ராகம். கமகம் நம்முடையது இல்லை, போக்கும் வேறு, ஆனாலும் தெரிந்த முகம் கூட்டத்தில் தெரிந்த மாதிரி சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அன்சிஹோயே மட்டும் ஒட்டாது, ஏனென்றால் அதில் பஞ்சமமே கிடையாது, கால் ஊன்ற இடமில்லாமல் மனசு தவிக்கும். அந்தத் தவிப்புக்கு அடியில் ஃபெர்குசனின் பேஸ் ஒரே வரியை விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கும்போது கிடைக்கும் போதை தனி.

குறை இல்லாமல் இல்லை. மசின்கோ, யாழ் மாதிரியான க்ரார், புல்லாங்குழல் மாதிரியான வாஷிந்த் என்று எத்தியோப்பியக் கருவிகளையும் சேர்த்திருக்கிறார்கள், சரி. ஆனால் பல இடங்களில் டிரம்ஸை முன்னால் தள்ளி மிக்ஸ் செய்ததில் க்ராரின் நரம்பு மீட்டும் ஒலி அமுங்கிப்போகிறது. முதல் பாட்டுக்கே 'மசின்கோ' என்று பெயர் வைத்துவிட்டு, அந்த ஒற்றை நரம்புக் கருவிக்குப் பிறகு இவ்வளவு குறைவாக இடம் கொடுத்தது எனக்கு வருத்தம். பின்பாதியில் ஒன்றிரண்டு பாட்டுகள் யோசனையோடே நின்றுவிடுகின்றன, இன்னும் வளர்ந்திருக்க வேண்டியவை.

போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், பேஸ் காணாமல் போனால் பாதி இசை போச்சு. நல்ல ஹெட்போனில் 'எதியோபிக்ஸ்' நான்கை ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் இதற்கு வாருங்கள். அவர் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்பது காதிலேயே புரியும். இது பிடித்துப்போனால் 2016-ல் மெல்போர்னின் பிளாக் ஜீசஸ் எக்ஸ்பீரியன்ஸ் குழுவோடு அவர் செய்த 'கிரேடில் ஆஃப் ஹ்யூமானிட்டி' இருக்கிறது. அதில் ராப் வரும், ஹார்ன்கள் இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆனால் மனுஷர் அங்கேயும் அதே நிதானத்தில்தான் தட்டுகிறார்.