‘அசல் லங்காஷயர் கயிற்று செட்’: பணம் கட்டுமுன் காடியின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

மாடல் நீராவி எஞ்சினுக்கு என்று இணையத்தில் விற்கப்படும் கயிற்று இயக்க செட் (எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட்டுக்குப் பதில் கயிறுகளால் இன்னொரு சக்கரத்துக்குக் கடத்துவது) ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. விளம்பரத்தில் சொன்னவை: 240 மி.மீ. வார்ப்பிரும்பு ஃப்ளைவீல், 90 மி.மீ. புல்லி, இரண்டிலும் எட்டெட்டுக் காடி (கயிறு ஓடும் பள்ளம்), 3 மி.மீ. பருத்திக் கயிறு எட்டு, ‘அசல் லங்காஷயர் மில் முறை’ (இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளின் முறை). வந்ததில் சொன்னபடி இருந்தது வார்ப்பிரும்பு மட்டும்தான்.

முதலில் கயிறு. நுனியைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் போல மணத்து எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இந்தக் கயிற்றின் மேல் இழை அப்படித்தான் எரிந்தது. உள்ளே இருந்த இழைகளோ உருகி, கெட்டியான கறுப்பு மணியாக உறைந்தன. பாலியெஸ்டரைப் பருத்தியால் போர்த்திய கயிறு என்று அர்த்தம். திரைச்சீலைக்கு அது போதும். காடியில் ஆப்பு போல இறுகிப் பிடிக்க, நசுங்கிக் கொடுக்கும், மூன்று புரி (முறுக்கிய இழைக் கொத்து) சேர்ந்த பருத்திக் கயிறு வேண்டும். இணைப்பு அதைவிட மோசம். இரு முனைகளையும் முட்டவைத்து சூப்பர் க்ளூ ஊற்றி, மேலே நூல் சுற்றியிருந்தார்கள். பசை ஊறிய இடம் குச்சி போல விறைத்துவிடும். புல்லியில் வளையும்போது முழு வளைவும் அந்த விறைப்பின் இரு ஓரங்களில் போய் விழும். கயிறு அங்கேதான் அறும். முறையான இணைப்பில் புரிகளைப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு இடத்தில், பாதி இழை குறைத்துக் கோப்பார்கள். விரலால் உருவினால் தடிப்பே தெரியக் கூடாது. இணைக்கும் முன் கயிற்றில் எடை கட்டி ஒரு இரவு தொங்கவிடுவதும் அவசியம். இல்லையென்றால் ஓட ஓட நீளும்.

கயிற்றை மாற்றிவிடலாம். காடியில் பிழை இருந்தால்தான் பெரிய தலைவலி. இந்த இயக்கத்தின் பிடி முழுக்கக் காடியின் இரு பக்கச் சுவரில் இருக்கிறது. அடியைக் கயிறு தொடவே கூடாது. உராய்வுக் கெழு 0.25, புல்லியைக் கயிறு சுற்றியிருப்பது அரைவட்டம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இரு சுவருக்கும் இடையே 45 டிகிரி உள்ள காடியில், வழுக்குமுன் இறுக்கமான பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப் போல ஏறத்தாழ 7.8 மடங்கு வரை போகலாம். 60 டிகிரியில் 4.8 மடங்கு. அடியில் உட்கார்ந்துவிட்டால் வெறும் 2.2 மடங்கு. அதற்காகக் கோணத்தை 30 டிகிரிக்குக் குறைத்தால், கயிறு காடியை விட்டு வெளியேறும்போது சிக்கி, ஒவ்வொரு சுற்றிலும் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த செட்டில் கோணம் சரிதான், 45 டிகிரி. ஆனால் 2.5 மி.மீ. பார்ட்டிங் டூலால் (லேத்தில் நேராக உள்ளே வெட்டும் உளி) பள்ளம் போட்டு, அந்த அகலத்தையே அடியாக விட்டுவிட்டார்கள். 3 மி.மீ. கயிறு சுவரில் சரியாக அமர வேண்டிய இடத்துக்கு 0.6 மி.மீ. முன்பே அடியில் தட்டி நின்றுவிடுகிறது. அடி 1.5 மி.மீ. அகலம் இருந்தால் கயிற்றுக்குக் கீழே அதே 0.6 மி.மீ. இடைவெளி கிடைத்திருக்கும்; கயிறு தேய்ந்து 2.7 மி.மீ. ஆனாலும் அடி தொடாது. விளிம்பில் தடிமன் மிச்சமிருந்தால் லேத்தில் திருத்தலாம்: உளியைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடைக் குறுக்குத் திசையிலிருந்து 22.5 டிகிரி திருப்பி, அதே சுவர்களை நீட்டி, 1.2 மி.மீ. ஆழமாக்கினால் போதும். சுவரில் கயிறு அமர வேண்டிய விட்டம் மாறாது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத கோளாறு. எட்டுக் காடியிலும் கயிறு அமரும் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். வெர்னியரை வெளி விளிம்பில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. எதிரெதிராக இரண்டு 3 மி.மீ. பேரிங் குண்டுகளைக் கிரீஸ் தடவிக் காடியில் ஒட்டவைத்து, குண்டுகளின் மேல் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். அப்படி அளந்ததில் புல்லியின் ஒரு காடி மற்றவற்றைவிட 0.8 மி.மீ. சிறிய விட்டம். ஃப்ளைவீல் ஒரு சுற்று சுற்ற, அந்தக் கயிறு ஏறத்தாழ 6.7 மி.மீ. வழுக்கியே தீர வேண்டும். உதவிக்கு வந்த கயிறு உபத்திரவம் ஆகிவிடும். கூடவே சூடேறி வழுவழுத்தும் போகும்.

புகார் சொன்னதற்கு வந்த பதில்: “ஓட ஓட செட் ஆகிடும் சார்.” பிறகு எட்டுக் கயிறுக்குப் பதில் ஒரே நீளக் கயிறு அனுப்பி, எல்லாக் காடியிலும் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அது அமெரிக்க முறை. அதில் கடைசிக் காடியிலிருந்து கயிற்றை முதல் காடிக்குக் கொண்டுவர, எடை கட்டிய நகரும் தாங்கியில் சாய்வாக ஒரு புல்லி இருந்தே ஆக வேண்டும். அது வரவில்லை. லங்காஷயர் முறையில் ஒவ்வொரு காடிக்கும் தனிக் கயிறு. விகன் நகர ட்ரெஞ்சர்ஃபீல்டு மில் எஞ்சினின் ஃப்ளைவீலில் 54 கயிறுகளுக்கு இடம் உண்டு. ஒன்று அறுந்தால் மீதி இழுக்கும். வேலை முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கயிறு அறுந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

முழு அளவு எஞ்சினைப் புதுப்பிப்பவர்களுக்கும் இதே கடை சரக்கு அனுப்புகிறது. கயிற்றைத் திசை திருப்ப மட்டும் உள்ள வழிகாட்டிப் புல்லிக்கும் அதே வி-காடியைத்தான் வெட்டித் தருகிறார்கள். அங்கே இழுவை கிடையாது. கயிறு வட்ட அடியில் சும்மா அமர்ந்து ஓடினால் போதும். வி-காடி போட்டால் வீணாகச் சிக்கித் தேயும். விலைப்பட்டியலில் 2 அங்குலக் கயிறுக்கு 40 அங்குலப் புல்லியும் இருக்கிறது. பருத்திக் கயிறுக்குப் புல்லி விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல குறைந்தது 30 மடங்கு, அதாவது 60 அங்குலம் வேண்டும்.

கேட்ட பணத்தில் கயிறுக்கான தொகை மட்டும் திரும்பியது. வார்ப்பைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். ‘கடைசல் செய்த பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரி பில்லின் பின்புறத்தில் இருக்கிறது, ஆர்டர் பக்கத்தில் இல்லை.